அழைக்கும் விதத்தில் இருக்கிறது வருகை: அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு பற்றி ஒரு பெற்றோரின் மதிப்புரை

திருப்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கும் நான், அக்குழுவை அரசு பெற்றோருக்கு வழங்கும் ஒரு சேவையாகக் கருதி, அது எங்கே நன்றாக நடக்கிறது, எங்கே பெற்றோரைத் தவறவிடுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டம் செய்திருக்கும் ஏற்பாடு மிகச் சிறந்தது, நடத்தும் முறைதான் இன்னும் அந்தத் தரத்துக்கு வரவில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், அதை நான் ஏற்கவில்லை. கூட்டத்துக்கு வராதவர்களிடம் வீடு தேடிச் சென்று பேசியபோது எனக்குத் தெரியவந்தது, கூட்டத்தின் நேரமும், அழைத்த விதமும், போன கூட்டத்தில் சொன்னதற்குப் பதில் வராமல் போனதுமே அவர்களைத் தடுக்கின்றன என்பதுதான்.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை 22-ஆம் பிரிவு இக்குழுவிடமே ஒப்படைக்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலைகள். தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 2022-இல் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அப்போது 20 பேராக இருந்த குழு, 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக விரிந்தது. கட்டணம் வாங்கும் சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டப் பிரிவு பொருந்தாது. ஆகவே பெருந்தொகை கட்டிப் படிக்கவைக்கும் பெற்றோருக்குக்கூடச் சட்டப்படி கிடைக்காத ஓர் உரிமை, கையெழுத்துப் போடவே தயங்கும் ஒரு தாய்க்கு எங்கள் பள்ளியில் கிடைத்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஏற்பாட்டை நான் உயர்வாக மதிக்கிறேன்.

குறைகளில் முதலாவது நேரம். எங்கள் பள்ளியில் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் சம்பளம் வாரக் கணக்கு. சனிக்கிழமை கைக்கு வரும். வெள்ளிக்கிழமை என்பது அந்த வாரத்தின் பீஸ்களை முடித்துக் கணக்கில் ஏற்றும் நாள். டெய்லராகவோ செக்கிங்கிலோ வேலை செய்யும் ஒரு தாய் மூன்று மணிக்குக் கம்பெனியை விட்டு வெளியே வந்தால், அரை ஷிப்ட் சம்பளம் போவதோடு சூப்பர்வைசரின் முகச்சுளிப்பையும் அடுத்த வாரம் முழுவதும் தாங்க வேண்டும். அவரிடம் போய் உங்கள் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லையா என்று கேட்பது நியாயமில்லை, ஏனெனில் அவர் அந்த ஷிப்ட் பார்ப்பதே அந்தப் பிள்ளைக்காகத்தான். அரசுக்கு இது தெரியாததும் அல்ல. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தபோது அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுத்தது. 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்புக் கூட்டங்களைச் சனிக்கிழமைகளில் வைத்தது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க விடுமுறை நாள் ஏற்றது என்றால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடிப் பேசவும் அதுவே ஏற்ற நாளாக இருக்க வேண்டும் அல்லவா?

உறுப்பினர்கள் சிலர் வற்புறுத்தியதன் பேரில் எங்கள் தலைமையாசிரியர் ஒரு கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிப் பார்த்தார். நான் அதுவரை பள்ளி வாசலில்கூடப் பார்த்திராத தந்தைமார் பலர் அன்று வந்தார்கள். ஆறாம் வகுப்பறையின் பெஞ்சுகள் போதாமல் நான்காம் வகுப்பிலிருந்து பாய்களை எடுத்துவந்து விரிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களின் விடுமுறை நாளை இப்படி எடுத்துக்கொள்வது சரியா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சரியில்லை, ஈடுசெய் விடுப்பு தராமல் இதை வழக்கமாக்கக் கூடாது. ஆனால் பருவத்துக்கு ஒரு முறையாவது விடுமுறை நாளில் கூடுவது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சேவையின் பயன் பல மடங்கு கூடும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இரண்டாவது, அழைப்பு. 'அனைத்துப் பெற்றோரும் தவறாது கலந்துகொள்ளவும்' என்று பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்பும் வரிக்குப் பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. எல்லோருக்கும் எழுதியது தனக்கு எழுதியதாக ஒருவருக்கும் தோன்றாது. அதோடு, பள்ளியிலிருந்து கூப்பிட்டாலே பையன் ஏதோ தப்புச் செய்திருக்கிறான், அல்லது ஏதோ பணம் கேட்கப்போகிறார்கள் என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. பணத்தைப் பற்றிய அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் மேசை நாற்காலிகளும் கரும்பலகைகளும் சீருடைகளும் நிலமும் மனமுவந்து கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகள் அந்தக் கொடையால் வளர்ந்தன, அதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கு வருவது என்றால் எதையாவது கொடுக்க வருவது என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே ஊரில் தங்கிவிட்டது. கொடுக்க ஒன்றும் இல்லாதவர் ஒதுங்கி நிற்கிறார். இன்றைய சட்டம் பெற்றோரிடம் பொருள் கேட்கவில்லை, கருத்தையும் கண்காணிப்பையுமே கேட்கிறது. இதை அழைப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வேறு மாதிரி அழைக்கிறார். பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு, இவள் வெள்ளிக்கிழமை ஒரு கதை வாசிக்கப்போகிறாள், வந்து கேளுங்கள், அதன்பின் கழிப்பறையைப் பற்றியும் காலை உணவைப் பற்றியும் பேசப்போகிறோம், பணம் எதுவும் கேட்க மாட்டோம் என்று தம் கையால் எழுதி அனுப்புகிறார். அந்த வகுப்பின் பெற்றோர் மற்ற வகுப்புகளைவிட எப்போதும் கூடுதலாக வருகிறார்கள். பிள்ளை வாசித்து முடித்ததும் அந்தத் தாய் எழுந்து போய்விடுவதில்லை. தன் பிள்ளை உட்கார்ந்திருக்கும் அறையைப் பற்றிப் பேச அவருக்கு அப்போது தெம்பு வந்துவிடுகிறது.

மூன்றாவதாகச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒரு கூட்டத்தில், அதுவரை வாய் திறக்காத ஒரு தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "டீச்சர், எங்க பாப்பா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லீங்க. ஏன்னு கேட்டா, பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லீங்கிறா" என்றார். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இன்னும் நான்கைந்து பேர் அதையே சொன்னார்கள். கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் சிறுநீர்த் தொற்றும் வரும் என்பதை அங்கே இருந்த கிராமச் சுகாதார செவிலியர் விளக்கினார். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை. புதிய பொருள்கள் வாசிக்கப்பட்டன, கையெழுத்து வாங்கப்பட்டது, தேநீர் வந்தது. அதற்கும் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வரவில்லை. நான் அவருடைய லைன் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "சொல்லி என்னங்க்கா ஆகப்போகுது" என்றார். அவரைத் திரும்ப வரவழைத்தது எந்தச் சுற்றறிக்கையும் அல்ல. உறுப்பினர்களான நாங்கள் தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி மானியத்திலிருந்தே தாழ்ப்பாள்களை வாங்கிப் பொருத்தச் செய்தோம். அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது, போன கூட்டங்களின் தீர்மானங்களில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று கரும்பலகையில் எழுதிவைக்க ஏற்பாடு செய்தோம். தாழ்ப்பாள் என்ற சொல்லுக்கு நேரே 'முடிந்தது' என்று எழுதியிருந்ததை அவர் வந்து பார்த்தார். சுற்றுச்சுவர் என்பதற்கு நேரே 'முடியவில்லை. நிதி ஒன்றிய அலுவலகத்தில் கேட்கப்பட்டுள்ளது' என்றிருந்தது. முடியாததையும் எழுதியதால் யாருக்கும் கோபம் வரவில்லை, மாறாக நம்பிக்கைதான் கூடியது.

பணக் கணக்கைத் திறந்து வைப்பதும் இதைச் சேர்ந்ததே. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வரும் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது விதி. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்த எண்கள் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. தெரியாததால், அரசு கோடி கோடியாகக் கொடுக்கிறது, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற சந்தேகம் பிறக்கிறது. 50,000 ரூபாயில் சாக்பீஸ், மின்கட்டணம், குழாய் பழுது, துடைப்பம் எல்லாம் அடங்க வேண்டும் என்று ரசீதுகளோடு வாசித்துக்காட்டிய நாளில், ஒரு பிளம்பர் தாமாக எழுந்து கூலியில்லாமல் குழாய் வேலையைச் செய்து தருவதாகச் சொன்னார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கூட்டத்தின் வருகையையும் தீர்மானங்களையும் பதிவு செய்வதற்காகப் பள்ளிக் கல்வித் துறை பெற்றோர் செயலி ஒன்றை வைத்திருக்கிறது. தீர்மானங்கள் புத்தகத்துக்குள் முடங்கிவிடாமல் மேலிடத்துக்குப் போக அது வழி செய்வதால் அதைப் பாராட்டுகிறேன். ஆனால் பள்ளியில் பதிவான கைப்பேசி எண் இருந்தால்தான் அதனுள் நுழைய முடிகிறது. எங்கள் பகுதியில் எண்ணை அடிக்கடி மாற்றுபவர்கள் அதிகம், ஒரு வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருந்து அதையும் கணவர் வேலைக்கு எடுத்துச் செல்வது அதைவிட அதிகம். செயலியில் வந்த செய்தியை அழைப்பாகக் கொள்ளக் கூடாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழில் நன்றாகப் படிக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய பெற்றோர் கூட்டத்தில் ஒரு மூலையில் புன்னகையோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் எல்லாவற்றையும் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது என்று தோன்றியது. கம்பெனிகளில் இரு மொழியும் பேசும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டுக்கொண்டால் வருவார்.

குழுவின் தலைவர் பெற்றோர்களில் ஒருவர். எங்கள் தலைவர் ஒரு தாய், விவரமானவர். இருந்தும் தொடக்கத்தில் பல கூட்டங்களில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாரே தவிரப் பேசியவர்கள் ஊர்ப் பெரியவர்களும் கட்சிக்காரர்களும்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் அவரும் தலைமையாசிரியரும் பத்து நிமிடம் உட்கார்ந்து கூட்டப்பொருளைப் பேசி வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. யாரை முதலில் பேச அழைப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார், புதிதாக வந்தவரைத்தான் முதலில் அழைக்கிறார். துறை நடத்தும் பயிற்சிகளில் உறுப்பினரின் கடமைகளை விரிவாகச் சொல்கிறார்கள், கூட்டத்தை நடத்துவது எப்படி என்பதற்கும் அதே அளவு இடம் தர வேண்டும்.

ஆகவே இந்தச் சேவையைப் பிற பெற்றோருக்குப் பரிந்துரைப்பேனா என்றால், முழு மனதோடு பரிந்துரைப்பேன். குறைகள் எல்லாம் பெற்றோர் உள்ளே வந்தால் சரிசெய்துவிடக்கூடியவை, வெளியே நின்றால் அப்படியே நிற்பவை. குழுவில் உறுப்பினராக இல்லாத பெற்றோரும் தங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லலாம். முதல் முறை வருபவர் போன கூட்டத்தின் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும், அதன்பின் பேச்சு தானாகத் தொடங்கும். பள்ளி அளவில் முடியாத சாலை, குடிநீர், தெருவிளக்கு போன்றவற்றை ஊராட்சியின் கிராம சபைக்கு எடுத்துச் செல்லலாம். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. கூட்டமே நடக்காத பள்ளியாக இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் தெரிவிக்கலாம். அதற்கு முன் தலைமையாசிரியரை நேரில் பார்த்து, எங்களால் எந்த நாள் வர முடியும் என்று நாலு பெற்றோர் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் வந்தது.