முடிந்துவிட்டது என்று சொன்ன மரம் அரியும் மெசின்: எட்டு வருட அனுபவம்

"இஞ்சின் போய்விட்டது, இனி இதற்குச் செலவழிக்காதீர்கள்" என்று நகரத்துத் திருத்தகம் ஒன்றில் திருப்பித் தந்த மெசின்தான், இன்று காலை திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் எங்கள் வளவில் முறிந்து விழுந்த வேப்பங்கொப்பை அரிந்தது. சுவீடனில் செய்த 61 சிசி மெசின், சங்கிலி ஓடும் 18 அங்குலப் பிளேட். 2017இல் மாமா தந்தபோதே அதற்கு இருபது வயது தாண்டிவிட்டது.

முதல் சில வருடங்கள் ஒரு தொல்லையும் இல்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அடுத்த ஒரு கிழமை ஒழுங்கையில் கிடந்த முருங்கையையும் வேம்பையும் இதை வைத்துத்தான் அரிந்து ஒதுக்கினோம்.

மெசினைக் கெடுத்தது நான்தான். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். மோட்டார் சைக்கிளுக்கே அளந்து ஊற்றியபோது இந்த மெசினை யார் நினைத்தது? டாங்கியில் இருந்த பெற்றோல்-ஒயில் கலவையோடு அப்படியே கொட்டிலில் வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து எடுத்து இழுத்தால், சோக்கில் ஒரு முறை பிடிக்கும். ரேஸ் கொடுத்தவுடன் நின்றுவிடும்.

திருத்தகத்தில் கைவிரித்த பிறகு மாமாவிடம் சொன்னேன். "மருமகன், றப்பர் சாமானெல்லாம் மாத்திப் பாத்தியா?" என்றார். அந்த ஒரு கேள்விதான் மெசினைக் காப்பாற்றியது.

இஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. இயக்கத்தை நிறுத்திவிட்டு, இழுவைக் கயிற்றின் பிடியில் மெசினைத் தொங்கவிட்டேன். சடாரென்று இறங்காமல் விட்டு விட்டு மெல்ல இறங்கியது, ஆக கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் பலம், இருக்கிறது. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டோர்ச் அடித்துப் பிஸ்டனையும் பார்த்தேன். நெடுக்காகக் கீறல் இல்லை. ஆக, பெற்றோல் ஒழுங்காகப் போய்ச் சேராததுதான் பிழை.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் டயபிரம் எனும் மெல்லிய சவ்வுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பிஸ்டன் ஏறி இறங்கும்போது கீழே உண்டாகும் காற்றழுத்தத்தின் துடிப்பால் அசைந்து பெற்றோலை இழுக்கிறது. மற்றது எவ்வளவு உள்ளே விடுவது என்று ஊசி வால்வைத் திறந்து மூடுகிறது. இரண்டும் விரலால் தொட்டால் துணி போல வளைய வேண்டும். என்னுடையவை எக்ஸ்ரே படம் போல விறைத்திருந்தன. கிட் ஒன்று வாங்கி இரண்டையும் ஊசி வால்வையும் மாற்றினேன். எந்தக் கெஸ்கட் மேலே, எது கீழே என்பது காபரேட்டருக்குக் காபரேட்டர் மாறும். கழற்றும்போதே ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெசின் பிடித்தது, ஆனால் நிலையாக ஓடவில்லை. பெற்றோல் குழாய் டாங்கிச் சுவருக்குள் நுழையும் இடத்தில் வெடித்திருந்தது. வளைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் வெடிப்பு. அதையும் டாங்கிக்குள் இருக்கும் வடியையும் மாற்றினேன். அப்புறமும் ஒரு குறை. ரேஸை விட்டபின் இஞ்சின் சத்தம் இறங்க நேரம் எடுத்தது. மெசினைச் சரித்தால் தானாக ஏறியது. எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பெற்றோலோடு வரும் ஒயில் குறைந்து பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஒரு நாள்கூட அந்த நிலையில் மரம் அரியாதீர்கள்.

கிளச் பக்கம் இஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ஒயில் சீல்தான் காரணம். கிளச்சுக்கு இடதுபுற மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும். பிஸ்டனை அசையாமல் நிறுத்த, பிளக் துளையால் நைலோன் கயிற்றை மடித்து உள்ளே விட்டேன். கயிறு விடுமுன் பிஸ்டன் புகைத் துளையைத் தாண்டி மேலே ஏறியிருக்க வேண்டும், இல்லையேல் கயிறு அந்தத் துளையில் நசுங்கும். பழைய சீலைக் கிளறி எடுக்கும்போது தண்டில் கீறல் விழாமல் பார்ப்பதுதான் கடினம். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. எல்லாச் சாமானுக்கும் சேர்த்துப் புது மெசின் விலையில் பத்தில் ஒரு பங்கும் வரவில்லை.

பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் காபரேட்டரின் இரண்டு ஆணிகளையும் மெல்ல உள்ளே முட்ட வைத்து, ஒரு சுற்று வெளியே எடுத்துத் தொடங்கினேன். முழு ரேஸில் வெறுமனே ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரக்க வேண்டும், மரத்துக்குள் இறங்கியதும் தெளிய வேண்டும். கூர்மையாகக் கீச்சிட்டால் பெற்றோல் குறைவு. அந்தச் சத்தம் வேகமாகத் தோன்றும், நம்பாதீர்கள்.

கடற்கரை ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. உடல் மக்னீசியம் கலந்த வார்ப்பு, ஆணிகள் இரும்பு. உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டிப் பிடித்துவிடுகின்றன. சைலன்சர் ஆணி ஒன்று தலை முறிந்தே வந்தது. அதன் பிறகு மற்ற எந்த ஆணியைப் பூட்டினாலும் மரையில் கிறீஸ் தடவுகிறேன். தென்னை, பனை அரிந்தால் நார் கிளச் மூடிக்குள் சுற்றி அடைந்துவிடும், சங்கிலியும் சீக்கிரம் மொட்டையாகும். அன்றைக்கே மூடியைத் திறந்து சுத்தம் செய்கிறேன். பழைய இஞ்சின் ஒயிலைச் சங்கிலிக்கு ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். அது கைகளிலும் முகத்திலும் தெறிக்கிறது, உடம்புக்கு நல்லதல்ல.

பணம் மிச்சம் பிடிக்கக்கூடாத ஒரே இடம் சங்கிலிப் பிரேக். பிளேட் நுனியின் மேல்பக்கம் மரத்தில் முட்டினால் மெசின் முகத்தை நோக்கித் திரும்பி எழும். அப்போது காப்பது சங்கிலியை நிறுத்தும் அந்தப் பிரேக்கின் பட்டிதான். என்னுடையது தேய்ந்திருந்தது. புதிது கிடைக்க இரண்டு மாதம் எடுத்தது, அதுவரை மெசினைத் தொடவில்லை. இப்போது வேலை தொடங்கும் முன் சங்கிலியை ஓடவிட்டு, பிரேக்கை இயக்கும் முன்காப்பைத் தள்ளிப் பார்க்கிறேன். சங்கிலி உடனே நிற்க வேண்டும்.

வேலை முடிந்தால் டாங்கியை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். ஒயில் பம்ப் கொஞ்சம் கசிகிறது. மாரி தொடங்குமுன் அதையும் கழற்ற வேண்டும்.