வயிற்று மந்தத்துக்கு ஸ்கேனா, மூச்சுப் பரிசோதனையா?

மூன்று வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். மதியம் சாப்பிட்டது இரவிலும் கல்லாகக் கிடக்கும். எண்டாஸ்கோப்பியில் புண் இல்லை, ஹெலிகோபாக்டர் கிருமியும் இல்லை. இரைப்பை எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். அதற்கு இரண்டு வழிகள்: கதிரியக்கம் கலந்த உணவை உண்டு ஸ்கேன் எடுப்பது, அல்லது கார்பன்-13 கலந்த உணவை உண்டு மூச்சை ஊதுவது. நான் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தேன்.

கதிரியக்க அளவு சிறியதுதான். இருந்தாலும் கருவுற்றவர்களுக்கு மூச்சுப் பரிசோதனையே ஏற்றது.

ஸ்கேனின் முடிவைத் தீர்மானித்தது, எவ்வளவு நேரம் படம் எடுத்தார்கள் என்பதுதான். மலேசியாவின் பட்டர்வர்த்திலிருந்து ஃபெரி ஏறி, பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போய் முதன்முறை எடுத்த ஸ்கேனை 90 நிமிடத்தில் முடித்து, 'எல்லாம் சரி' என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் கோபம் ஆறவில்லை. திட உணவை இரைப்பையின் கீழ்ப்பகுதி முதலில் கூழாக அரைக்க வேண்டும், பிறகுதான் வெளியே தள்ளும். ஆகவே தொடக்க மணிகளை மட்டும் பார்த்தால் மந்தம் தப்பிவிடும். வேறிடத்தில் நான்கு மணி நேரம் எடுத்தபோது இரண்டாம் மணியில் 55 சதவீதம் மீதி இருந்தது. 60 வரை இயல்பு. நான்காம் மணியில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது, எனக்கு 18 தங்கியிருந்தது.

உணவையும் மாற்றக்கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, ஜாம், தண்ணீர்: மொத்தம் 255 கலோரி. அந்த 10 சதவீத வரம்பு இந்த உணவுக்கு வகுத்தது. முட்டை உண்ணாத என் அம்மாவைப் போன்றவர்கள் தேதி வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். டொம்பெரிடோன் போன்ற, இரைப்பையை வேகப்படுத்தும் மாத்திரைகளை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீரிழிவு இருந்தால் அன்று காலை சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

மூச்சுப் பரிசோதனையை நான் செய்துகொண்டதில்லை, படித்தறிந்ததையே சொல்கிறேன். உணவில் கலந்த கார்பன்-13 சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் எரிந்து, நுரையீரல் வழியே வெளியேறுகிறது. கதிரியக்கம் அறவே இல்லை, பெரிய கேமராவும் வேண்டாம். ஆனால் அது இரைப்பையை நேராகப் பார்ப்பதில்லை. சிறுகுடல், கல்லீரல், நுரையீரல் இவற்றில் ஒன்று பழுதானாலும் கணக்கு பிசகும். எனக்கு ஆஸ்துமாவும் உண்டு, அதனால் தயங்கினேன்.

ஸ்கேனுக்குத் தேதி வாங்குமுன் தொலைபேசியில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: 'நான்காம் மணியிலும் படம் எடுப்பீர்களா?' இல்லை என்றால், ஃபெரி ஏறவே வேண்டாம்.