டைனகோ ஸ்டீரியோ 70: நான்கு வருஷம், மூன்று செட் ஈஎல்34

நியூஜெர்சியில் ஒரு கராஜ் சேலில் இந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. 1959-ல் வந்த டைனகோ ஸ்டீரியோ 70. சேனலுக்கு 35 வாட், நாலு ஈஎல்34 பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடி வெற்றிடக் குழாய்), ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் வால்வு). தினமும் இரண்டு மணி நேரமாவது ஓடுகிறது.

எந்த பிராண்ட் ஈஎல்34 வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரே அளவு கரண்ட் இழுக்கும்படி ஜோடி பொருத்தி வாங்குகிறீர்களா என்பதைத்தான். இந்த ஆம்ப்பில் ஒரு சேனலின் இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஒரே பயாஸ் திருகுதான் (பாட்டு ஓடாதபோது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்று வைப்பது பயாஸ்). இரண்டின் கேத்தோடும் (கரண்ட் வால்வை விட்டு வெளியேறும் முனை) ஒன்றாகச் சேர்ந்து 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்குப் போகின்றன. அதில் 1.56 வோல்ட் வரும்படி வைக்கச் சொல்கிறது கையேடு. அதாவது இரண்டுக்கும் சேர்த்து 100 மில்லிஆம்பியர். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதை மீட்டர் சொல்லாது.

ஆம்ப்போடு வந்த பழைய செட் எட்டு மாதத்தில் ஓய்ந்தது. அடுத்து வாங்கிய பெட்டியில் 'மேட்ச்டு' என்று அச்சடித்திருந்தது, 1.56 கச்சிதமாக நின்றது. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு நாகஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்க ஸ்பீக்கரில் 'உம்' என்று மெல்லிய ஹம்மிங். எழுந்து போய்ப் பார்த்தால், ஒரு வால்வுக்குள் இருக்கும் சாம்பல் நிற உலோகப் பிளேட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குங்குமச் சிவப்பு. ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் இல்லை அது, பிளேட்டே பழுத்திருந்தது. உடனே அணைத்தேன்.

மறுநாள் பொது ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேத்தோடுக்கும் தனியாக 10 ஓம் வைத்து, இரண்டே நிமிஷம் ஓட்டி அளந்தேன். (415 வோல்ட் ஓடும் இடம். ஷாக் அடித்தால் நெஞ்சு வழியாகப் போகாமலிருக்க, ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் அளப்பேன்.) ஒன்றில் 0.70 வோல்ட், அதாவது 70 மில்லிஆம்பியர்; மற்றதில் 0.30, அதாவது 30. கூட்டினால் அதே 100 மில்லிஆம்பியர்! ஆனால் 415 வோல்ட்டில் 70 இழுத்ததன் தலையில் 29 வாட். ஈஎல்34 பிளேட் தாங்குவது 25. ஹம்மிங்குக்கும் இதுவே காரணம். இரண்டும் சமமாக இழுத்தால்தான் பவர் சப்ளையின் ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏசி அலை) அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

கையேடு சொல்லும் 50 மில்லிஆம்பியரே வால்வுக்கு 21 வாட் அளவுக்குப் போகிறது. இது 117 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப். இன்று சுவரில் 120-க்குக் குறைவதில்லை. அதனால் நான் 40 மில்லிஆம்பியரில் வைத்திருக்கிறேன். காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, சூடு நன்றாகவே குறைந்தது. பயாஸ் பகுதியில் பழைய செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் சிலிக்கான் டயோடுக்கு மாற்றிவிட்டு வால்வு வாங்குங்கள். அது தளர்ந்தால் கரண்டைக் கட்டுப்படுத்தும் நெகட்டிவ் வோல்ட்டேஜ் குறைந்து புது வால்வையும் வாட்டிவிடும்.

2022-ல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது சரத்தோவ் ஆலை வால்வுகளின் விலை ஏறியது. அப்போதுதான் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே கம்பெனி வால்வு பக்கம் போனேன். பெட்டியின் மேல் ஒவ்வொரு வால்வின் மில்லிஆம்பியரையும் எழுதித் தரும் கடையாகப் பார்த்து நாலு வாங்கினேன். மிருதங்கத்தின் தொப்பி இறுக்கமாக, உருண்டு வருகிறது. வயலினில் மட்டும் மேல் ஸ்தாயி கொஞ்சம் அடக்கம். நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் போட்டுக் கேட்ட இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய முல்லார்டு வால்வில் அந்த வயலின் திறந்து பாடியது, அது நிஜம். ஆனால் அந்த விலைக்கு ஜேஜே மூன்று நாலு செட் வாங்கலாம்.

இன்னும் பெரிய பவர் வால்வான கேடி88 இதே சாக்கெட்டில் பொருந்தும்தான். வேண்டாம். ஹீட்டருக்கே ஒவ்வொன்றும் 1.6 ஆம்பியர் கேட்கும். இதன் பவர் டிரான்ஸ்பார்மர் ஈஎல்34-க்கே கை வைக்க முடியாத சூட்டில் ஓடுகிறது.

ஜேஜே இப்போது இரண்டாயிரம் மணி நேரம் தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அளந்தது: நாலு வால்விலும் 0.40, 0.39, 0.40, 0.41 வோல்ட்.