மிடி ஃபைலைத் திறக்க ரீப்பரா, எஃப்எல் ஸ்டூடியோவா?

கொழும்பில் கல்யாணம், கோயில் நிகழ்ச்சி என்று கீபோட் வாசிக்கிற எங்கள் ஆட்கள் பலர் யமஹாவிலேயே பாட்டைப் பதிந்து, பென் ட்ரைவில் மிடியாக (சத்தமில்லை, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும்) எடுத்துவந்து, லெப்டொப்பில் மெருகேற்றுகிறவர்கள். அங்கே எந்த சொஃப்ட்வெயார், ரீப்பரா எஃப்எல் ஸ்டூடியோவா (சுருக்கமாக எஃப்எல்) என்பது வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடை வரைக்கும் ஓயாத சண்டை. நான் ரீப்பர் கட்சி. நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

விலைக் கதையைச் சுருக்கமாக முடிக்கலாம். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டொலர். 60 நாள் முழுசாகப் பாவித்துப் பார்க்கலாம். எஃப்எல் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையைக் காசு கட்டும்வரை மறுபடி திறக்க விடாது. ஆனால் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் அப்டேட் இலவசம், சத்தங்களும் கூடவே வரும். ரீப்பரோ சாமான் இல்லாத வாடகை வீடு.

யமஹா ஃபைல் பெரும்பாலும் டைப் 0. தாளம், பேஸ், மெலடி எல்லாம் ஒரே ட்ராக்கில் குவிந்திருக்கும். இரண்டிலுமே சனல் சனலாக (வாத்தியத்துக்கு ஒன்றாக) பிரிக்கலாம், பிரச்சினை இல்லை.

என்னை ரீப்பர் பக்கம் தள்ளியது கமகம், அதாவது சுரத்தை இழுத்து அசைப்பது. மிடியில் பிட்ச் பெண்ட் (கீபோட் வீலால் சுரத்தை வளைப்பது) என்பது 0 முதல் 16383 வரை ஓர் எண், நடு 8192. வீல் எவ்வளவு அசைந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், எத்தனை சுருதி ஏறியது என்று சொல்லாது. புல்லாங்குழல் வொய்சுக்கு வீச்சை (வீலை முழுக்கத் தள்ளினால் சுரம் நகரும் தூரம்) 12 அரைச்சுரமாக வைத்து, ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இழுத்தீர்கள் என்று வையுங்கள். திறக்கும் இடத்தில் ப்ளகின் (சத்தம் தரும் துணை சொஃப்ட்வெயார்) வழக்கமான 2-இல் நின்றால் அந்த இழுப்பு சுத்த ரிஷபத்தைக்கூடத் தொடாது. மோகனம் அழுது வடியும்.

ரீப்பரில் அந்த வளைவு நோட்டுகளுக்குக் கீழே வந்தபடியே கிடக்கும். ப்ளகின் வீச்சை மட்டும் 12 ஆக்கினால் சரி. எஃப்எல்லில் அது சனல் பிட்சாக, அதாவது அந்தச் சனலின் சுருதி மாற்றமாகப் போகிறது. விஎஸ்டி (வெளியார் ப்ளகின்) பாவித்தால் சனலின் வீச்சும் ப்ளகினின் வீச்சும் ஒன்றாக இருக்கவேண்டும், அதுவும் ஒவ்வொரு சனலுக்கும். நாளைக்கு நிகழ்ச்சி என்றால் யாருக்குப் பொறுமை?

விருத்தத்தில் தொடங்கி வேகமெடுக்கும் பாட்டென்றால், ஃபைலிலுள்ள டெம்போ மாற்றங்களை எடுக்கவா என்று ரீப்பர் இறக்கும்போதே கேட்கும். எஃப்எல்லில் அந்த வகைப் பாட்டுகளோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் குறை சொல்லமாட்டேன்.

பீட் கட்டுகிற தம்பிமார் எஃப்எல்லிலேயே இருக்கட்டும். நோட்டுகளை வரைந்து திருத்தும் அதன் பியானோ ரோலுக்குக் கிட்டவும் ரீப்பர் வராது. ரீப்பருக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவச ப்ளேயரையும் நல்ல ஜெனரல் மிடி சவுண்ட்ஃபொன்ட் (வாத்தியச் சத்தங்களின் தொகுப்பு) ஒன்றையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்த ஃபைல் ஊமையாகவே ஓடும்.