நான்கரை ஆக்சிஜன்: ஒரு மோலார் நிறைச் செயலியுடன் சில ஆண்டுகள்

ஆண்டுச் சந்தாவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், தம் பள்ளி ஆய்வகத்தின் டேப்லெட்டில் இந்தச் செயலியைப் போடலாமா என்று கேட்டிருந்தார். வேறொரு மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவர் அவர். பதில் நீண்டுவிட்டதால், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே தருகிறேன். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாய்பாட்டைத் தட்டினால் மோலார் நிறை (ஒரு மோல் பொருளின் எடை, கிராமில்), கரைபொருளின் எடையையும் கன அளவையும் கொடுத்தால் மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் என்ற அளவு), இதுபோன்ற செயலி என்ன செய்யும் என்பது தெரிந்ததுதானே.

என் குறை ஒரே ஒரு புள்ளியைப் பற்றியது. மயில்துத்தத்தின் (நீரேறிய தாமிர சல்பேட், CuSO₄·5H₂O) வாய்பாட்டை எழுதும்போது சல்பேட்டின் 4-க்குப் பின் ஒரு புள்ளி வைத்து, 5 நீர் மூலக்கூறுகளைச் சேர்ப்போம். கைப்பேசி விசைப்பலகையில் கைக்கு எட்டுவது முற்றுப்புள்ளிதான் என்பதால் எல்லோரும் அதையே தட்டுவார்கள். செயலியோ அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, 4.5 ஆக்சிஜன் அணுக்கள், அவற்றோடு ஒரே ஒரு நீர் மூலக்கூறு என்று படித்து, 185.62 என்று விடை சொல்கிறது. நீரற்ற உப்புக்கு 159.6, படிக நீரோடு 249.68, செயலி சொல்லும் எண் இரண்டிலும் சேராது. எச்சரிக்கை கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது. ஒரு மூலக்கூறில் நான்கரை ஆக்சிஜன் எப்படி வரும் என்ற சந்தேகம்கூட அதற்கு எழுவதில்லை.

இது வெறும் திரைத் தொல்லையாக இருந்தால் பொறுத்துப் போகலாம். ஆக்சாலிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீர் மூலக்கூறுகளோடு அதன் மோலார் நிறை 126.06. அதே முற்றுப்புள்ளியோடு தட்டினால் செயலி 111.25 என்கிறது. 0.05 மோலார், அதாவது 0.1 நார்மல் திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) 250 மி.லி. தயாரிக்க 1.576 கிராம் எடுக்க வேண்டிய இடத்தில், செயலியை நம்புகிறவர் 1.391 கிராம்தான் எடுப்பார். அதிலிருந்து 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி, பியூரெட்டில் உள்ள 0.1 நார்மல் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம் பார்த்தால், வினை முடிந்ததைக் காட்ட 20 மி.லி.யில் வர வேண்டிய இளஞ்சிவப்பு 17.6 அல்லது 17.7-லேயே வந்துவிடும். பெர்மாங்கனேட் முதல்நிலைத் திட்டப் பொருள் அன்று, அதாவது எடைபோட்டுக் கரைத்த மாத்திரத்தில் அதன் செறிவைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. அதன் செறிவையே ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டுதான் கண்டறிகிறோம் என்பதால், 0.113 என்று வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திட்டக் கரைசலை ஆய்வக உதவியாளர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குடுவையில் தயாரித்திருந்தால், வகுப்பு முழுவதும் ஒரே அளவீடு வரும், மாணவர்கள் மகிழ்ச்சியோடு ஒத்திசைவு அளவை (திரும்பத் திரும்ப ஒன்றுபோல் வரும் அளவீட்டை) குறித்துக்கொள்வார்கள். அடுத்து அந்தப் பெர்மாங்கனேட்டைக் கொண்டு அன்னபேதியின் (இரும்பு சல்பேட்) எடையைக் கணக்கிட்டால், அதுவும் 13 விழுக்காடு கூடுதலாகவே வந்து நிற்கும்.

இதை விளக்கித் தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகவே வந்தது. அணுக்களின் விகிதம் முழு எண்ணாக அமையாத சேர்மங்களுக்குத் தசமம் தேவைப்படுகிறது என்றார்கள். அது உண்மை என்பதை மறுப்பதற்கில்லை. வூஸ்டைட் என்ற இரும்பு ஆக்சைடில் ஓர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 0.95 இரும்புதான் இருக்கும். இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு மீக்கடத்தியில் ஆக்சிஜனின் எண்ணிக்கை 7-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் முகப்பிலேயே ‘தொடக்க நிலை வேதியியலுக்கு’ என்று போட்டுக்கொண்ட ஒரு செயலியில் மீக்கடத்தியின் மோலார் நிறையைத் தேடி வருபவர் எத்தனை பேர், மயில்துத்தத்துக்கும் சலவைச் சோடாவுக்கும் வருபவர் எத்தனை பேர்? புள்ளிக்குப் பிறகு ஓர் எண்ணும் அதையடுத்து நீரின் வாய்பாடும் வந்தால், ‘படிக நீரையா குறிப்பிடுகிறீர்கள்?’ என்று ஒரு வரி கேட்பதில் அவர்களுக்கு என்ன சிரமம்? அதற்குப் பின் புதிய பதிப்புகள் வந்தன, நிறங்கள் மாறின, புள்ளி மட்டும் மாறவில்லை.

நீரை அடைப்புக்குறிக்குள் இட்டு வெளியே 5 என்று எழுதினால் சரியான விடை வந்துவிடுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அடைப்புக்குறிகளைக் கையாள்வதில் இதைக் குறை சொல்லவே முடியாது. அம்மோனியம், சல்பேட், ஆறு நீர் என்று மூன்று அடைப்புகள் வரும் மோர் உப்புக்கும் (இரும்பு அம்மோனியம் சல்பேட்) 392.1 என்று தயங்காமல் சொல்லும்.

செறிவுப் பக்கத்தை வடிவமைத்தவரோ நிச்சயம் ஆய்வகத்தில் நின்று பாடம் நடத்தியவராகத்தான் இருக்க வேண்டும். அங்கே ‘நீரின் அளவு’ என்ற கட்டமே இல்லை; ‘கரைசலின் இறுதிக் கன அளவு’ என்றுதான் கேட்கிறது. ஒரு மோல் சர்க்கரையை, அதாவது 342.3 கிராமை, ஒரு லிட்டர் நீரில் கொட்டிக் கலக்கினால் ஒரு மோலார் கரைசல் கிடைக்கும் என்று நம்பும் மாணவர் ஆண்டுதோறும் இருக்கிறார். கலக்கிய பின் கரைசல் ஏறக்குறைய 1.2 லிட்டராகிவிடும், செறிவு 0.82-ஐ ஒட்டியே நிற்கும். நான் பலகையில் எழுதி எழுதிப் புரியவைக்க முயன்றதை, கோடு வரை நிரப்பப்பட்ட குடுவையின் சிறு படமும் அந்த ஒற்றைக் கட்டமும் சாதித்துவிடுகின்றன. அடர் அமிலங்களுக்கும் அப்படியே: 37 விழுக்காடு, அடர்த்தி 1.19 என்று கொடுத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 12.1 மோலார் என்றும், ஒரு லிட்டர் 0.1 மோலாருக்கு 8.3 மி.லி. போதும் என்றும் சொல்லிவிட்டு, அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறது. மோலாரிட்டியை நார்மாலிட்டியாக மாற்றப் பெருக்கும் சமான எண்ணை நாமே தர வேண்டும். பெர்மாங்கனேட்டுக்கு அமில ஊடகத்தில் 5, நடுநிலை ஊடகத்தில் 3 என்று மாணவர் யோசித்தாக வேண்டியிருப்பதால் அதையும் நான் ஒரு நல்ல அம்சமாகவே எண்ணுகிறேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஆய்வக டேப்லெட்டில் போடாதீர்கள். பாதி விலைக்கு என்ன, இலவசமாகக் கொடுத்தாலும் போடாதீர்கள். என் சந்தாவை நான் சென்ற வாரமே புதுப்பித்துவிட்டேன் என்பது வேறு விஷயம். எனக்கு அடைப்புக்குறி பழகிவிட்டது, அந்தச் செறிவுப் பக்கத்தை விட மனம் வரவில்லை. தலைமையாசிரியர் ஏற்கெனவே வாங்கச் சொல்லிவிட்டார் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இலவசப் பதிப்பில் மயில்துத்தத்தை முற்றுப்புள்ளியோடு ஒருமுறை தட்டிப் பாருங்கள். 249.68 என்று வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.