அம்மாவின் படம்: ஜன்னலோரமா, மொட்டைமாடியா?

அம்மாவை அழகாக ஒரு படம் எடுக்க எங்கள் வீட்டில் இரண்டு இடங்கள்: முன்னறை ஜன்னல், அப்புறம் மாலை வெயில் விழும் மொட்டைமாடி.

என் மனம் ஜன்னலுக்குத்தான் போகிறது. நேர் வெயில் விழாத ஜன்னலாக இருக்க வேண்டும். அம்மாவை அதிலிருந்து 2, 3 அடி தள்ளி நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தைப் பாதி மட்டும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொல்வேன். பெரிய ஜன்னலின் வெளிச்சம் பரவலாக விழுவதால் கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கங்கள் மென்மையாகிவிடும். மறு கன்னம் ரொம்ப இருட்டினால் அப்பாவின் வெள்ளை வேட்டியை அந்தப் பக்கம் விரித்துப் பிடித்தால் போதும், வெளிச்சம் திரும்பி முகத்தில் விழும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோலின் நிறமே கெட்டுப்போகும்.

மாடி வெயிலின் பொன்னிறம் அழகுதான். ஆனால் நம் ஊரில் சூரியன் சட்டென்று இறங்கிவிடும், நிதானமாக எடுக்க நேரம் இருக்காது. வெயிலைப் பார்த்து நிறுத்தினால் அம்மா கண்ணைச் சுருக்குவார். அதனால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், முடியோரம் மின்னும். போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர்த் தொட்டி தெரியாமல் பாருங்கள்.

எங்கே எடுத்தாலும் போனை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகத் தெரியும். 5, 6 அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் பிடித்து, 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

தாத்தா, பேரன் என்று நாலைந்து பேர் சேர்ந்தால் மாடிக்கே போய்விடுங்கள். ஜன்னல் வெளிச்சம் அத்தனை பேருக்கும் எட்டாது.