எட்டு வருஷம் மோடத்தின் எண்களைப் படித்த கதை

தண்டையார்பேட்டை வீட்டில் 2011 முதல் 2019 வரை போன் கம்பி வழியாக வந்த ஏடிஎஸ்எல் பிராட்பேண்ட்தான். வேகத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு உருப்படியாக மிஞ்சியது, மோடத்துக்குள் போய் லைன் நிலவரத்தைப் படிக்கும் பழக்கம்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும். முதல் நாள் அதில் ‘மார்ஜின்’ என்ற எண் 118 டெசிபல் என்றிருந்ததைப் பார்த்து மலைத்துவிட்டேன். அந்த மாடல் பத்தில் ஒரு டெசிபல் கணக்கில் காட்டுகிறதாம், நிஜத்தில் 11.8.

இந்த மார்ஜினைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காசிமேட்டு மீன் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் விடுபவர் குரல் சுற்றியுள்ள இரைச்சலைவிட எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது ஒரு கணக்கு. விலை காதில் பிசகாமல் விழத் தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்பது இன்னொன்று. மார்ஜின் இந்த மிச்சம். வேகத்தைக் குறைத்தால் தேவை குறையும், அதனால்தான் மிச்சம் ஏறுகிறது.

மோடம் இதை அளக்கும் விதம் அழகு. இணையும்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மோடத்துக்கு முன்பே தெரிந்த ஒரு சிக்னலை அனுப்பும். வரவேண்டியது இது, வந்தது இது, வித்தியாசம்தான் இரைச்சல். என் லைனில் இருந்த ஏடிஎஸ்எல்2+ என்ற வகை, கம்பியை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை 512 சின்ன அலைவரிசைகளாக நறுக்குகிறது. ஒவ்வொன்றின் அகலமும் 4.3125 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொன்றிலும் தனித்தனியே அளந்து, சுத்தமாக இருப்பதில் 15 பிட் வரை ஏற்றும், மோசமானதை விட்டுவிடும். கூடுதலாக ஒரு பிட் ஏற்றச் சுமார் 3 டெசிபல் செலவு. என் மோடத்தின் வரைபடத்தில் 167-ஆவது இடத்தில் எப்போதும் ஒரு பள்ளம். பெருக்கிப் பார்த்தால் 720 கிலோஹெர்ட்ஸ்: நம்ம சென்னை ஏ வானொலி! மொட்டைமாடிக் கம்பி ஏரியலாக வேலை பார்த்திருக்கிறது. இருட்டியதும் தொலைதூர மத்திய அலை நிலையங்களும் எட்டிப் பிடிக்கும் என்பதால், ராத்திரி மார்ஜின் இரண்டு மூன்று டெசிபல் இறங்குவது வழக்கம்.

அட்டெனுவேஷன் அப்படி ஆடாது. கம்பி நீளத்தில் சிக்னல் தேய்வதைச் சொல்லும் எண் அது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 டெசிபல். எனக்கு வருஷக்கணக்காக 34. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் கம்பி அறுந்து, சுவரோரம் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆடிக்குள் அது 41 ஆகிவிட்டது, மார்ஜின் 5. இருட்டினால் லைன் விழும், மறுபடி இணையும். புகார் எண்ணில் சொன்னால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதே பதில். மூன்று முறை.

கடைசியில் வந்த லைன்மேனிடம் இரண்டு எண்களையும் காட்டினேன்.

"எக்ஸ்சேஞ்ச் தள்ளிப் போகலையே அண்ணே, கம்பி எப்படி நீளமாச்சு?"

சிரித்துவிட்டு டேப்பைப் பிரித்தார். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. தொட்டதும் ஒரு இழை உதிர்ந்தது.

"உப்புக்காத்து தம்பி. இந்தப் பக்கம் எல்லா ஜாயிண்டும் இப்படித்தான்."

பிளேடால் சுரண்டி, நல்ல கம்பி வரும்வரை வெட்டி, ஜெல் உள்ள கனெக்டர் போட்டார். பத்தே நிமிஷம். அட்டெனுவேஷன் 34, மார்ஜின் 12.

2019-இல் ஃபைபருக்கு மாறினேன். வானொலியும் களிம்பும் அதை ஒன்றும் செய்வதில்லை. பெட்டியில் பார்க்க வேண்டியது வந்து சேரும் ஒளியின் அளவுதான், டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) கணக்கில். மைனஸ் 27 வரை தாங்கும். எனக்கு மைனஸ் 20. போன மாதம் திடீரென்று மைனஸ் 25. மாடிக்குப் போய்ப் பார்த்தால், அம்மா துணிக்கொடி தொய்கிறது என்று அதை ஃபைபரோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்; ஃபைபர் மடங்கி ஒளி கசிந்திருக்கிறது. அவிழ்த்ததும் பழையபடி மைனஸ் 20.